பதினெட்டுக் கிலோ

கேள்வி: குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. 34 வருட வேலைக்குப் பிறகு போன மே மாதம் ரிட்டயர் ஆனேன். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் நான், மனைவி, 81 வயது அம்மா. இத்தனை வருடம் படிக்க நேரமில்லாமல் போய்விட்டது, இனியாவது படிக்கலாம் என்று ஒரு புத்தக அலமாரி செய்திருக்கிறேன். அதற்கு இடம் வேண்டுமென்று, அம்மா பைண்டு செய்து வைத்திருந்த பழைய தொடர்கதைகளை ஆக்கர் கடையில், அதாவது பழைய பேப்பர் வாங்கும் கடையில் போட்டோம். 18 கிலோ இருந்தது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. புத்தகத்தைத் தொட்டு ஆறேழு வருடம் இருக்கும். வயதாகிவிட்டது, இனி ஆபரேஷன் எதற்கு என்று விட்டுவிட்டோம். பைண்டுகளைக் கேட்டபோது அம்மாவும் "கொண்டு போடு மக்கா" என்றுதான் சொன்னார்கள். அம்மா காரியமெல்லாம் மனைவி பார்த்துக்கொள்வதால் எனக்கு நேரம் நிறைய. காதல் கதை, சஸ்பென்ஸ், தன்வரலாறு மூன்றிலும் சமீபத்தில் வந்த நல்ல புத்தகங்களைச் சொல்லுங்கள். ஆங்கிலமும் படிப்பேன். எதை எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிறேன், வயது காரணமா?

பதில்: ஓய்வு பெற்றவர்களிடமிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. நேரம் வந்துவிட்டது, அலமாரி வந்துவிட்டது, இனிப் பட்டியல் வர வேண்டும். பாதியில் வைத்துவிடுவதாகவும் எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு வயது காரணமில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. பட்டியல் தருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாத ஒரு வரி இருக்கிறது. "18 கிலோ இருந்தது."

எத்தனை கிலோ என்பது நினைவிருக்கிறது. அதில் இருந்த கதைகளில் ஒன்றின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. தராசை நின்று பார்த்த நீங்கள், ஒரு பைண்டையாவது திறந்து பார்த்தீர்களா?

ஒரு பைண்டு எப்படி உண்டாகும் என்று சொல்கிறேன். பத்திரிகை வாரம் ஒன்று வரும். வீட்டில் எல்லோரும் படித்து, பக்கத்து வீடுகளுக்குப் போய், எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். அப்புறம் பின்னைக் கழற்றி, தொடர்கதைத் தாள்களை மட்டும் தனியே எடுப்பார்கள். ஒரு வாரத்து இதழ் திரும்பி வராவிட்டால் கதையில் ஓட்டை விழுந்துவிடும். அந்த ஒரு இதழுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்ட பெண்களை எனக்குத் தெரியும். கதை முடிய ஒரு வருடமாகும், இரண்டு வருடமாகும். 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954இல்தான் முடிந்தது. எல்லாம் சேர்ந்ததும் அட்டை வெட்டி, சாக்கு ஊசியால் தைத்து, ஓரத்தில் மைதாப் பசை தடவிக் காயவைப்பார்கள். அப்படி 18 கிலோ சேர்ந்திருக்கிறது. அடுக்களை வேலை, துணி துவைப்பு, பிள்ளைகளின் காய்ச்சல், இதற்கெல்லாம் இடையில் ஒரு பெண் தனக்கென்று சேர்த்த சொத்து அது. உங்கள் வீட்டில் அவர்களுக்கென்று வேறு என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"கொண்டு போடு மக்கா" என்று சொன்னார்களாம். எப்போது கேட்டீர்கள்? தச்சன் வந்து அளந்து போன பிறகா, அலமாரி வந்து இறங்கிய பிறகா? நம் ஊர் அம்மாமார் பேச்சை நீங்கள் 60 வருடமாகக் கேட்கிறீர்கள். மகன் ஆசைப்பட்டுச் செய்த ஒன்றுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றால் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சக்கைப்பழத்தில் நல்ல சுளையை எல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு "எனக்குப் பிடிக்காது மக்கா" என்று சொன்ன அதே குரல்தான் இது. சின்ன வயதில் நீங்கள் அதை நம்பியிருக்கலாம். இப்போதும் நம்பினால் அது வசதிக்காக நம்புவது.

சரி, கண்ணுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். 81 வயதில் இனி ஆபரேஷன் எதற்கு என்று யார் முடிவு செய்தது? டாக்டர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை, "விட்டுவிட்டோம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். புரை முற்றட்டும் என்று காத்திருந்ததெல்லாம் பழைய காலம். இப்போது பலருக்கு ஊசிகூட இல்லாமல், சொட்டு மருந்திலேயே மரத்துப்போக வைத்து, மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு அரை மணி நேரத்துக்குள் முடியும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மழைக்காலம், வெயில்காலம் என்ற பேச்சும் கிடையாது. ரொம்ப முற்றவிட்டால்தான் டாக்டருக்கும் கஷ்டம், கண்ணுக்கும் கஷ்டம். வயதை மட்டும் வைத்து யாரும் வேண்டாம் என்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, உள்ளே விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விழித்திரை போயிருந்தால் ஆபரேஷனால் பெரிய பலன் இருக்காது. அது தெரிந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் அதை டாக்டர் வாயால் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷனுக்குக் காசும் வாங்குவதில்லை. அலமாரிக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கூட்டிக்கொண்டு போவது நீங்களாக இருக்க வேண்டும். "அம்மா காரியமெல்லாம் மனைவி பார்த்துக்கொள்வதால்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் உங்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. உங்கள் நேரம் எங்கிருந்து வந்தது என்று அந்த வரியே சொல்கிறது. உங்கள் மனைவிக்கு ரிட்டயர்மென்ட் எந்த மே மாதம்? பெற்ற தாயைப் பார்ப்பது மகனுடைய கடமை என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. மருமகள் செய்வது அவருடைய நல்ல மனது. அதை வைத்து மகன் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

இனிப் புத்தகங்கள். சமீபத்தியவைதான் வேண்டும் என்கிறீர்கள். முதல் இரண்டும் பழையவை, ஏனென்றால் அவற்றை நீங்கள் சத்தமாக வாசிக்கப் போகிறீர்கள்.

காதலுக்கு, ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964இல் வந்தது. சின்னப் புத்தகம். பனைவிளை என்ற கிராமத்தில், பெரியவளானதும் வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸிக்கும், பனையேறி மகன் தங்கராஜுக்கும் நடக்கும் கதை. கட்டிப்பிடிப்பதோ கடிதமோ பெரிதாக ஒன்றும் இல்லாமல், ஒரு பெண் ஜன்னலுக்குப் பின்னால் காத்திருப்பதையே காதலாக எழுதிவிட முடியும் என்று நான் தெரிந்துகொண்டது இதில்தான். பேச்செல்லாம் நம் ஊர்ப் பேச்சு. வாயால் வாசிக்கும்போதுதான் அதன் ருசி தெரியும்.

அடுத்தது நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்', 1968. உங்களுக்குப் பக்கத்து ஊரான இரணியலில் நடப்பது. கணவன் வீட்டாரால் பழி சுமத்தித் தள்ளிவைக்கப்பட்ட அக்காவுக்காகத் தம்பி திரவி படும் பாடு. உண்ணாமலை ஆச்சி என்று ஒரு கிழவி வருவாள், அவள் சொல்லும் பழங்கதைகளுக்கே நாலு ராத்திரி போகும். இதை வாசித்தால் உங்கள் அம்மா உங்களைத் திருத்துவார்கள். இந்தச் சொல்லை இப்படி இழுக்கக் கூடாது, அந்தச் சடங்கு இப்படி நடக்காது என்பார்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

எப்படி வாசிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், நான் வாசித்திருக்கிறேன். என் மாமியாருக்குக் கடைசி நாலு வருடம் கண் தெரியாது, இரண்டு டாக்டர்கள் பார்த்து முடியாது என்று சொன்ன பிறகு. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் மரண அறிவிப்புகளை வாசிக்க வேண்டும். பெயர், ஊர், வயது, எத்தனை மக்கள், யார் யாருக்கு மாமனார், எல்லாம் வேண்டும். அப்புறம்தான் மற்றச் செய்தி. ராத்திரிக் கஞ்சி குடித்து, டிவியை அணைத்த பிறகு கதை. தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து நிறுத்துவேன். கண்ணைத் திறக்காமலே "ம், பொறவு?" என்பார்கள். நீங்களும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். தொடர்கதை படித்தவர்களுக்கு அடுத்த வாரம் வரை காத்திருக்கத் தெரியும், அந்தக் காத்திருப்பில்தான் அவர்களுக்குச் சஸ்பென்ஸே இருந்தது. அம்மா படுத்த பிறகு நீங்கள் மட்டும் புத்தகத்தை எடுத்து மீதியைப் படித்துவிடாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே காத்திருங்கள். பாதியில் வைத்துவிடுகிற பழக்கத்துக்கும் எனக்குத் தெரிந்த மருந்து இதுதான், எதிரில் ஒருவர் "பொறவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாராலும் புத்தகத்தை மூடி வைக்க முடியாது.

தன்வரலாற்றுக்கு, அருந்ததி ராயின் 'மதர் மேரி கம்ஸ் டு மி'. ஆங்கிலத்தில் 2025இல் வந்தது. நீங்கள் கேட்ட மாதிரிப் புதியது. தன் அம்மா மேரி ராயைப் பற்றி மகள் எழுதியது. அந்த அம்மா எளிதான ஆள் இல்லை. மகள் வீட்டை விட்டே போயிருக்கிறாள், பல வருடம் பேசாமலும் இருந்திருக்கிறாள். அம்மாவைத் தெய்வமாக்காமல், அவள் கொடுத்த காயத்தையும் மறைக்காமல், அப்படியும் இவ்வளவு அன்போடு எழுத முடிகிறது. பகலில் படித்துவிட்டு, ராத்திரி அம்மாவுக்கு உங்கள் வாயாலேயே தமிழில் சொல்லுங்கள். முக்கியமாக அந்த வழக்கு. 1916ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அதுதான். மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் ஜெயித்தார். நம் மாவட்டமும் முன்பு திருவிதாங்கூர்தான், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. உங்கள் அம்மா அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். பெண்ணுக்கு எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு என்று எந்தெந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள்.

மற்ற இரண்டும் உங்களுக்கு மட்டும், பகலில் படிக்க. பெருமாள்முருகனின் 'பூக்குழி', 2013. வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டிவரும் குமரேசன். அவள் என்ன சாதி என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கும். காதல், சஸ்பென்ஸ் இரண்டும் இதில் ஒன்றாகவே போகின்றன. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இருந்தது.

இன்னொன்று இமையத்தின் 'செல்லாத பணம்', 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இன்ஜினியரிங் படித்த மகள் ஆட்டோ ஓட்டுபவரைக் கல்யாணம் செய்துகொண்டதால் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார். பிறகு ஒரு நாள் அவள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எப்படித் தீப்பிடித்தது, பிழைப்பாளா என்ற இரண்டு கேள்வியோடு அந்த வராந்தாவில் நாமும் நிற்கிறோம். துப்பறிகிற ஆள் யாரும் கிடையாது, ஆனாலும் கீழே வைக்க முடியாது. பணம் இருக்கிற அப்பா அந்த வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நிதானமாகப் படியுங்கள். வீட்டுக்குள் பேசாமல் விட்ட பேச்சு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரிந்து இதைவிடக் கடுமையாக யாரும் எழுதவில்லை.

இன்னொரு காரியம் பாக்கி. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆக்கர் கடையில் பேப்பரைக் கட்டு கட்டாக அடுக்கி வைத்து, லோடு சேர்ந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நாளைக் காலையில் நீங்களே போய்க் கேளுங்கள். கிடைத்தால் கடைக்காரர் கேட்கிற விலையைக் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். கிடைக்காவிட்டால் அம்மாவிடம் அதை நேராகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பைண்டுகளில் என்னென்ன கதை இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த கடிதம் போடும்போது அந்தப் பெயர்களையும், கண் டாக்டர் சொன்ன பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.