சிஸ்டரிடம் கேளுங்கள்: கூழும் ஒருசந்தியும்

கேள்வி: எனக்கு 57 வயது. சீனி வருத்தத்துக்குக் காலையும் இரவும் குளிசை எடுக்கிறேன். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நோன்பு பிடிக்காவிட்டால் பாவமா, சிஸ்டர்? அதோடு, தவக்கால வெள்ளிகளில் மச்சம் போடாமல் கூழ் காய்ச்சினால் பிள்ளைகள் தொடுகிறார்கள் இல்லை. நண்டு, இறால் போடலாமா?
- குடும்பத் தலைவி, பாஷையூர்

பதில்: பாவமே இல்லை அம்மா. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி 59 நிறையும்போது முடிகிறது. அந்த வயதுக்குள் இருந்தாலும் வருத்தக்காரரை அது கட்டுப்படுத்தாது. சில குளிசைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சீனி மளமளவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பூசை நடுவில் மயங்கி விழவும் கூடும். ஒருசந்திக்காகக் குளிசையை நிறுத்துவதும் பிழை. நேரத்துக்குச் சாப்பிட்டு, சின்னத்திரை நாடகத்தையோ அயலவரைப் பற்றிய கதையையோ அன்றைக்கு விடுங்கள். எனக்கென்னவோ அதுதான் கூடக் கடினம்.

சுகமாக இருப்பவர்களுக்கும் ஒருசந்தி என்றால் முழுப் பட்டினி அல்ல. ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடலாம். மற்ற இரண்டு நேரமும் கொஞ்சம். அந்த இரண்டையும் கூட்டினாலும் முழுச் சாப்பாட்டின் அளவு வரக்கூடாது. மத்தியானம் சோறு என்றால் காலையில் ஒரு துண்டு பாண், இரவில் ஓர் இடியப்பம், அவ்வளவுதான். இடையில் கொறிப்பதில்தான் பலருக்கு ஒருசந்தி முறிகிறது.

கூழுக்கு வருவோம். குழப்பம் 'மச்சம்' என்ற சொல்லில் இருக்கிறது. எங்கள் ஊரில் மீனும் இறைச்சியும் இரண்டுமே மச்சம். சைவ அயலவர் வெள்ளியில் இரண்டையும் விடுகிறார்கள், அதைப் பார்த்து நாங்களும் அதுவே திருச்சபைச் சட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். திருச்சபையின் சுத்தபோசனம் இறைச்சியை மட்டுமே விலக்குகிறது. 14 வயது நிறைந்தவர்களுக்கு அது கடமை, மேல் வயது எல்லை கிடையாது. மீன், நண்டு, இறால், கணவாய், முட்டை, பால் எதற்கும் தடை இல்லை. ஆகவே போடலாம். ஆனால் ஒடியல் கூழில் நண்டும் இறாலும் கணவாயும் பலாக்கொட்டையும் போட்டுச் சுற்றமெல்லாம் கூப்பிட்டுக் குடித்தால், சட்டம் மீறப்படவில்லை, தவம் எங்கே போனது என்று கூழ்ப்பானையைத்தான் கேட்க வேண்டும். ஒரு மீனும் பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சுங்கள்; நண்டுக் காசை கோயிலில் ஏழைகளுக்கான உண்டியலில் போடச் சொல்லிப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

கேள்வி: மார்ச் 19, சூசையப்பர் திருவிழா, தவக்கால வெள்ளியில் வந்தால் இறைச்சி சமைக்கலாமா?
- வாசகர், கரம்பன்

பதில்: சமைக்கலாம். சூசையப்பர் திருவிழா திருச்சபையின் பெருவிழாக்களில் ஒன்று; பெருவிழா வெள்ளியில் வந்தால் சுத்தபோசனக் கடமை இல்லை. 2027இல் அப்படித்தான் வருகிறது.

கேள்வி: விபூதிப் புதனுக்குச் சாம்பல் தயாரிக்கும் பொறுப்பு இம்முறை எங்கள் இளையோர் குழுவிடம். போன முறை சிலருக்கு நெற்றி எரிந்து சிவந்தது. என்ன பிழை?
- இளைஞர், இளவாலை

பதில்: அநேகமாகத் தண்ணீர்தான், தம்பி. குருத்தோலையை எரித்த சாம்பலில் காரம் இருக்கிறது. தண்ணீர் விட்டுக் குழைத்தால் அந்தக் காரம் கரைந்து தோலைச் சுடும், அதோடு மணிக்கணக்காக நெற்றியில் காய்ந்தும் கிடக்கிறது. வெள்ளையாகும் வரை எரித்த சாம்பலில் காரம் இன்னும் கூட.

போன வருடக் குருத்து ஞாயிற்று ஓலைகளைப் பங்கு மக்களிடம் இரண்டு கிழமைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். சிலுவையாகப் பின்னியவற்றில் பின், றிபன், பிளாஸ்ரிக் நூல் இருக்கும். ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுங்கள். பிளாஸ்ரிக் உருகினால் சாம்பல் கட்டிபட்டு ஒட்டும், மணக்கும். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பழைய இரும்புத் தாச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக எரியுங்கள். சுவாலை அடங்கிக் கருகிய நிலையிலேயே மூடியால் மூடிவிட்டால் கரியாக நிற்கும். நெற்றியில் கறுப்பாகத் தெரியவும் அதுதான் நல்லது. மூடியைக் கெதியாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் திரும்பப் பற்றும். மறுநாள் உரலில் இடித்து மெல்லிய துணியில் அரியுங்கள். அரியாமல் விட்டால் ஓலை ஈர்க்கின் துணுக்கு நெற்றியைக் கீறும். சாக்கு நிறைய எரித்தாலும் சிறு கிண்ணமளவுதான் மிஞ்சும், பயப்பட வேண்டாம். ஒருவருக்குச் சிட்டிகையே அதிகம்.

உலர்ந்தபடி பூசலாம். ஒட்டவில்லை என்றால் இரண்டு மூன்று துளி எண்ணெய் போதும். மிஞ்சியதைக் குப்பையில் கொட்டாமல், கோயில் வளவில் யாரும் மிதிக்காத இடத்தில் புதையுங்கள்.

கேள்வி: நவம்பரில் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) போன அன்று மழை. மெழுகுதிரி எல்லாம் நூர்ந்துவிட்டது. மரித்த அம்மாவுக்குச் செபித்த பலன் கிடைக்காதா?
- வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: பலன் மெழுகுதிரியில் இல்லை, பிள்ளை. நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலைக்குப் போய், மனதுக்குள்ளாவது மரித்தோருக்காகச் செபித்தால் பரிபூரணப் பலனை (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சிய தண்டனை முழுவதும் நீங்கும் பலனை) அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம், நாளுக்கு ஒன்று. பாவப்பற்று இல்லாத மனதோடு, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு செபம் வேண்டும். ஓர் ஒப்புரவு பல நாட்களுக்குப் போதும்; நற்கருணையும் திருத்தந்தைக்கான செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி.

திரி நூராமல் இருக்க, சிரட்டையில் பாதிக்கு மணல் போட்டு, கட்டையான தடித்த திரியை ஊன்றுங்கள். விளிம்புக்கு மேல் சுவாலை தெரியக்கூடாது.

கேள்வி: நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் ஒவ்வொரு திரியாக ஏற்றும் திருவருகைக்கால வளையத்தில் மூன்றாம் கிழமை சவுக்கு இலை பற்றிவிட்டது. முதல் திரியும் நத்தாருக்கு முன்பே தீர்ந்துபோனது.
- வாசகர், குருநகர்

பதில்: வெட்டிய சவுக்கு கெதியாகக் காய்ந்துவிடும். தட்டில் ஈரமணல் பரப்பி அதில் ஊன்றுங்கள், கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். திரிக்குக் கட்டும் றிபன் அடியிலேயே இருக்கட்டும். நான்கு திரிகளையும் ஒரே உயரத்தில் வாங்குவதுதான் மற்றப் பிழை: முதல் ஊதாத்திரி நான்கு கிழமையும் எரிகிறது, கடைசித் திரி சில நாட்களே. நீளமானதை முதலில் ஏற்றுங்கள். மூன்றாம் ஞாயிறுக்குரிய றோசாத்திரி கடையில் இல்லாவிட்டால் வெள்ளைத் திரியில் றோசாத் துணி சுற்றினாலும் சரி. இரவுச் செபம் முடிந்ததும் ஊதி நூர்த்துவிட்டுப் படுங்கள்.