மஞ்சள் பூவை வைத்து முடிவு செய்யாதீர்கள், இலையைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சுற்றுச்சுவர் ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செடி நிற்கிறது. கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. காய் நீளமாகத் தொங்குகிறது. பக்கத்து வீட்டம்மா, "இது விஷ அரளி, வெட்டிப் போடுங்க" என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. பூவின் படம் அனுப்பியிருக்கிறேன். வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் நீளக் காயை வைத்தே இது அரளி இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் குழந்தை இருக்கிற வீடு, அதனால் உறுதி செய்துகொள்வது அவசியம். பூவின் படம் மட்டும் அதற்குப் போதாது. நம் ஊர்த் தோட்டங்களில் மஞ்சள் புனல் பூ பூக்கும் செடிகள் மூன்று உண்டு: மஞ்சள் அரளி, டெகோமா, அல்லமண்டா. படத்தில் மூன்றையும் குழப்பிக்கொள்வது சுலபம். போதாக்குறைக்கு டெகோமாவையும் பலர் தங்க அரளி என்றே சொல்கிறார்கள்.

முற்றிய கிளை ஒன்றைப் பிடித்து, இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அந்தக் கக்கத்தில் சின்ன மொட்டு இருக்கும். மொட்டு இருக்கிற இடத்திலிருந்து நுனிவரை எல்லாம் சேர்த்து ஒரே இலை. டெகோமாவில் அந்த ஒரு இலையே ஐந்து, ஏழு சிற்றிலைகளாகப் பிரிந்து, நுனியில் ஒன்று தனியாக நிற்கும். விளிம்பு வேப்பிலை போல ரம்பப் பல்லாக இருக்கும். தண்டில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். மஞ்சள் அரளிக்குச் சிற்றிலையே கிடையாது. பளபளப்பான ஒடுங்கிய தனி இலைகள், பல் இல்லாத விளிம்போடு, தண்டைச் சுற்றி நெருக்கமாக ஏறும். அல்லமண்டாவில் ஒரே கணுவில் மூன்று நான்கு இலைகள் வட்டமாக நிற்கும், கிளைகளும் கொடி போலப் படரும்.

அடுத்தது பால். கையுறை போட்டுக்கொண்டு ஒரு இலைக்காம்பை ஒடியுங்கள். அரளியிலும் அல்லமண்டாவிலும் நந்தியாவட்டை போல வெள்ளைப் பால் கசியும், மூன்றும் ஒரே குடும்பம். டெகோமாவில் பால் வராது. அது பாதிரி, மரமல்லி குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொட வேண்டாம்.

காயிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. டெகோமாவின் காய் மெல்லிய நீளக் காய், 10 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். காய்ந்து வெடித்தால் உள்ளே காகிதச் சிறகு வைத்த தட்டை விதைகள். மஞ்சள் அரளிக் காய் பச்சையாக, சதைப்பற்றோடு, முனைகள் புடைத்து உருண்டிருக்கும். பழுத்தால் கறுத்துவிடும். அதற்குள் கல் போன்ற கொட்டை.

இந்த மூன்று சோதனையும் டெகோமா என்று காட்டினால் செடி தாராளமாக இருக்கட்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது, பஹாமாஸ் நாட்டின் தேசிய மலரும் இதுதான். நல்ல வெயில் வேண்டும். புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும், அதனால் ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள். காய்களை வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விதை பறந்து தெருவெல்லாம் முளைக்கும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இப்படிப் பரவித்தான் களையாகிவிட்டது. சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம்.

பால் வந்து, ஒடுங்கிய தனி இலைகள் தண்டைச் சுற்றி நெருக்கமாக ஏறினால் பக்கத்து வீட்டம்மா சொன்னது சரி. மஞ்சள் அரளியில் வேர் முதல் விதை வரை எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. சின்னப் பிள்ளை இருக்கும்போது அதை வைத்திருக்கவே கூடாது. வேரோடு தோண்டி எடுங்கள், உதிர்ந்த கொட்டைகளைத் தேடிப் பொறுக்குங்கள், ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். குழந்தை எதையாவது மென்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூட அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், செடியின் ஒரு சிறு கிளையைப் பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு முழு இலை, அது தண்டோடு சேரும் இடம், ஒரு காய், மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள்.