வெயிலில் ஆடிவிட்டு வந்தால் இருமல்: ஓசோனுக்கு அஞ்ச வேண்டுமா?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தாய்: ஆஸ்துமா உள்ள என் 12 வயது மகன் கோடை விடுமுறையில் மதியம் முழுவதும் கிரிக்கெட் ஆடுகிறான். வீடு திரும்பியதும் இருமல். மூச்சை இழுத்தால் நெஞ்சு வலிக்கிறது என்கிறான். இரண்டொரு நாளில் சரியாகிறது. ஓசோன் நுரையீரலை அரித்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முகக்கவசம் வாங்கிவிட்டேன். இருமல் கூடினால் மருந்துக்கடையில் தரும் மாத்திரையைக் கொடுக்கிறேன். மார்கழிப் பனிமூட்டத்திலும் அவனை வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: இரண்டொரு நாளில் அடங்கிவிடும் இருமல், நுரையீரல் அரிக்கப்பட்டதன் அடையாளம் அன்று. ஓசோன் மூச்சுக்குழாயின் உள்தோலை எரிச்சலூட்டும்; ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய் அதனால் எளிதில் சுருங்கும். அதைத் தடுக்க வழி உண்டு. அந்த வழி, அவன் ஆடும் நேரத்தில் இருக்கிறது.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலை லாரிகளின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் சூரிய ஒளியில் வினைபுரிந்து அதைக் காற்றிலேயே உண்டாக்குகின்றன. வெப்பம் ஏறும்போது இந்த வினைகள் விரைவுபடுகின்றன. பெட்ரோல் கூடுதலாக ஆவியாகிறது. மரங்களும் இத்தகைய சேர்மங்களை மிகுதியாக வெளிவிடுகின்றன. குளிர்ந்த காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் சில சேர்மங்கள் சூட்டில் சிதைந்து அதை மீண்டும் காற்றில் விடுகின்றன. காற்று அசையாத சித்திரை, வைகாசி நாள்களில் இவை யாவும் ஒன்றுசேர்வதால், அதிகாலையில் குறைவாக இருக்கும் ஓசோன் நண்பகலுக்குப் பின் உச்சத்தைத் தொட்டு, பொழுது சாய்ந்ததும் இறங்குகிறது. நெடுஞ்சாலையிலிருந்து தள்ளியிருக்கும் மைதானம் என்பதால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு சாலையோரத்திலேயே ஓசோனைக் குறைத்துவிடுவதால், சற்றுத் தொலைவிலுள்ள ஊரில் அளவு கூடுதலாகவும் இருக்கலாம். ஓடி ஆடும் பையன் வாய்வழியாக ஆழமாக மூச்சிழுப்பதால் ஓசோன் அவனுக்குள் அதிகம் செல்கிறது.

வெயிலும் வெப்பமும் குறைந்த மார்கழிப் பனிமூட்டத்தில் ஓசோனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. முகக்கவசம் தூசியைத் தடுக்கும். சாதாரண முகக்கவசம் எதுவும் ஓசோன் வாயுவைத் தடுக்காது.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது, மூச்சுத் திணறும்போது அவன் எடுக்கும் நிவாரண இன்ஹேலரை. அதன் தேவை வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் போனாலோ, இரவில் இருமி எழுந்தாலோ அவனது ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் எடுத்தும் நான்கு மணி நேரம் தாங்காமல் மறுபடி மூச்சுத் திணறினால் அன்றே காட்ட வேண்டும். அவன் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் இடைவெளியும் தொண்டைக்குழியும் உள்வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இடையில் நிறுத்தினால், உதடு நீலம் பாரித்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குடுவை) வைத்து நிவாரண இன்ஹேலரை ஒவ்வொரு அழுத்தமாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

அந்த மாத்திரையைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். பெயர் தெரியாத மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இத்தகைய மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது இருமலை அடக்கிக் காட்டி, நோய் முற்றுவதை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும். அடிக்கடி கொடுத்தால் குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கும். அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொடர்ந்து சில வாரங்கள் கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

கிரிக்கெட்டை நிறுத்தாதீர்கள். காலை ஒன்பது மணிக்குள் ஆடட்டும், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு ஆடட்டும். நடுவில் உள்ள நேரத்தில் வீட்டுக்குள் இருந்தால் போதும். மருத்துவர் தினசரி எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, இருமல் இல்லாத நாளிலும் விடாமல் கொடுங்கள்.