ஓராண்டா, ஈராண்டா? கரூரிலிருந்து எழுதிய தாய்க்கு ஒரு பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் மதிப்பெண்ணைப் பற்றி, அரைப் பக்கம் கண்ணைப் பற்றி. நான் அந்த அரைப் பக்கத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு உங்கள் மகன் (தம்பி என்றே சொல்கிறேன்) பஸ் பாடி கட்டும் ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். ஒரு நாள் நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிகிறது என்று கத்தியிருக்கிறான். உருளைக்கிழங்கை அரிந்து கண்மேல் வைத்துவிட்டு விடிய விடிய விழித்திருந்திருக்கிறீர்கள். அடுத்த வாரமே அவன், "வெல்டர் படிக்கப் போகிறேன்" என்றதும் வீட்டில் சண்டை.

முதலில் அந்தக் கண். வெல்டிங் ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்பரப்பைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில்தான் எரிச்சல் வரும். ஷெட்டில் அவன் கையில் முகக்கவசத்தை யாரும் கொடுக்கவில்லை. கேட்டு வாங்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியவில்லை. ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் பாடம் பாதுகாப்புதான். எனவே "இந்தத் தொழில் வேண்டாம்" என்று முடிவு கட்டுவதற்கு முன், முறையாகப் படிக்காமல் அதைச் செய்ததால் வந்த காயம் இது என்பதை யோசியுங்கள். உருளைக்கிழங்கோடு விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்து உங்கள் மாமனார் கேட்டது. "அப்பன் வேலையைப் பிள்ளை தலையில் கட்டத்தான் பள்ளிக்கூடமா?" அவர் வயதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தக் கேள்வியின் வயது எனக்குத் தெரியும். 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு உள்ளுக்குள் ஓர் எச்சரிக்கை மணி அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பத்து வருடப் படிப்பை முழுதாக முடித்த பையன், அப்பா செய்யாத ஒரு தொழிலைத் தானே விரும்பிக் கேட்கிறான், அதிலிருந்து பொறியியல் பட்டம் வரைக்கும் போகப் பாதை இருக்கிறது. அந்தப் பாதை எங்கே திறக்கும், எங்கே அடைபடும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்பிரிவு தருகிறேன் என்றாராம்; "முந்நூறு மதிப்பெண்ணுக்கு அதுதான் கிடைக்கும்" என்றும் சொன்னாராம். இந்த இரண்டாவது வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்விக்குப் பெரிய இடம் கேட்டு மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. மதிப்பெண் குறைந்தவர்களை உட்காரவைக்கும் கடைசி பெஞ்சாக அதை யாரும் நினைத்திருக்கவில்லை. நாம்தான் அப்படி ஆக்கினோம். தொழில் ஆசிரியர்கள் ஓய்வு பெற்ற பல பள்ளிகளில் இடம் நிரப்பப்படாமல், பிரிவே தேய்ந்துபோனதும் நடந்தது. அதனால் தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடிப்படை இயந்திரவியல் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? பிறகு பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரங்களின் மேல் தூசி எவ்வளவு கனத்தில் படிந்திருக்கிறது என்பதே மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

ஆசிரியர் இருந்தால், அந்த வழியில் ஒரு பெரிய லாபம் உண்டு. தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தான் என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு வரை அங்கேயே முடித்தால், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி வரும்; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. தொழிற்பிரிவு மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ போனால் இந்த 7.5 சதவீதம் கையை விட்டுப் போகும். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

இதே இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பொது செவிலியம் பிரிவு எடுத்தால் பன்னிரண்டு முடித்ததும் நர்ஸ் ஆகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. செவிலியராகப் பதிவு செய்ய, அதன் பிறகு செவிலியப் பட்டயமோ பட்டமோ படித்தே ஆக வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி ஆண்டுக் கணக்கு. ஒரு தாளில் எழுதி மாமனாரிடம் காட்டுங்கள். பத்து முடித்து நேராகப் பாலிடெக்னிக் போனால் மூன்று ஆண்டில் டிப்ளமோ. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இன்னும் மூன்று ஆண்டு. மொத்தம் ஆறு. பதினொன்று, பன்னிரண்டு படித்துவிட்டு நான்கு ஆண்டு பி.இ. படிக்கும் பையனுக்கும் அதே ஆறுதான். இதைச் சொன்னதும் பெரும்பாலான பெற்றோர் விரல் விட்டு மறுபடியும் எண்ணிப் பார்ப்பார்கள்! இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு. அங்கே இரண்டு ஆண்டு. அப்படியானால் பத்துக்குப் பிறகு நான்கு ஆண்டில் ஐடிஐ சான்றிதழும் டிப்ளமோவும் கையில் இருக்கும். அதற்கு மேல் பி.இ. வேண்டுமென்றால் ஏழாம் ஆண்டு முடியும். ஓர் ஆண்டுதான் கூடுதல். ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் சோற்றுக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டு முடித்து நிற்கும் பையனுக்கு அந்த வசதி இல்லை.

தம்பிக்கு எது? கணக்கில் 43 என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் பாலிடெக்னிக் போனால் முதல் ஆண்டின் பெரும்பகுதி கணக்கும் இயற்பியலும் வேதியியலும். அங்கே அரியர் வைத்து, அந்த அரியரை இழுத்துக்கொண்டே மூன்றாம் ஆண்டைக் கடந்த பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கை வேலையில் ஆசை உள்ளவன், கை வேலை தொடங்கும் முன்பே சோர்ந்துவிடுவான். அதனால் தம்பிக்கு ஐடிஐதான் முதல் படியாக எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் நல்ல இயந்திரவியல் ஆசிரியர் இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

ஆனால் வெல்டர் வேண்டாம்.

கோபப்படாமல் தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். வெல்டர் ஓராண்டுப் பிரிவு. எட்டாம் வகுப்பு முடித்தவர்களே சேரலாம். ஓராண்டுப் பிரிவு முடித்தவருக்கு டிப்ளமோவின் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்காது; அதற்கு இரண்டு ஆண்டு ஐடிஐ கேட்பார்கள். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்குப் பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட ஐடிஐ பிரிவுகளைக் கேட்கிறார்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட், வயர்மேன், மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, வெல்டர் இல்லை. அதே ஷெட், அதே இரும்பு, அதே வியர்வை. ஆனால் ஓராண்டை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வாசல்களை மூடிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

ஃபிட்டர் எடுக்கட்டும். இரும்புப் பாகங்களை அளவாக்கிப் பொருத்தும் தொழில் அது. அதில் வெல்டிங்கின் அடிப்படையும் வருகிறது. ஆனால் முதல் சில மாதங்கள் அவனுக்கு எரிச்சலாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கையில் அரத்தைக் கொடுத்து ஓர் இரும்புத் துண்டைத் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்ததும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். இடையில் ஒளி கசிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். பிறகு வெர்னியர் காலிபர் என்ற நுண்ணளவு பார்க்கும் கருவி வரும். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 0.02 மில்லிமீட்டரை, கண்ணால் படித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். தாண்டியவன் கை வேறு கை. ஷெட்டில் "கண்மட்டம்" என்று வேலை செய்பவனுக்கும் அளவு தெரிந்து வேலை செய்பவனுக்கும் உள்ள வித்தியாசம் கூலியில் தெரியும்.

கணக்கு அங்கேயும் விடாது. பட்டறைக் கணக்கு என்று ஒரு பாடமே இருக்கிறது. வரைபடம் படிக்கவும் தெரிய வேண்டும். ரயில்வே தேர்விலும் கணக்கு உண்டு. டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் முதல் ஆண்டுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார்கள். எனவே இந்தக் கோடை முடிவதற்குள் பின்னம், விகிதம், சதவீதம், முக்கோணவியல் நான்கையும் மட்டும் தினம் அரை மணி நேரம் போட்டுப் பார்க்கட்டும். கணக்குக்குப் பயந்து ஐடிஐக்கு ஓடிவரும் பிள்ளைகள் கணக்கின் மடியிலேயே வந்து விழுவதைப் பார்த்துச் சிரிப்பதா வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எந்த ஐடிஐ என்பதில் நான் பிடிவாதக்காரன். முதலில் அரசு ஐடிஐ. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ சேரும் மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வங்கிக் கணக்குக்கு வரும். பெண் பிள்ளைகளுக்கு அதே தொகை புதுமைப்பெண் திட்டத்தில் வரும். சேர்க்கை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இணையவழிக் கலந்தாய்வில் நடக்கிறது. ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் முதலில் நிரம்பிவிடும். விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை சுமார் 2,877 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு மேம்படுத்தியிருக்கிறது. ரோபாட், சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்), மின்வாகனப் பிரிவுகள் அங்கே இருக்கின்றன. தம்பி அந்தப் பெயர்களைக் கேட்டு மயங்கலாம். மயங்கட்டும், ஆனால் அதிலும் "ஓராண்டா, ஈராண்டா?" என்ற கேள்வியையே முதலில் கேளுங்கள். சில ஓராண்டுப் பிரிவுகள்தான்.

தனியார் ஐடிஐதான் கிடைக்கும் என்றால், நிறுவனத்தின் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். மத்திய அரசின் அங்கீகாரம் பிரிவு வாரியாகக் கிடைப்பது. எலக்ட்ரீஷியனுக்கு இருக்கும், ஃபிட்டருக்கு இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இரண்டு ஆண்டு படித்த சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினான். ஐடிஐ என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. அங்கீகாரம் பெற்ற பிரிவில் தேறியவருக்குத் தரும் தேசியத் தொழிற்சான்றிதழ் என்ற சொல் எங்கும் இல்லை. அவன் அப்பா அதற்காக ஒரு மாட்டை விற்றிருந்தார். பணம் கட்டுவதற்கு முன், மத்திய பயிற்சித் தலைமை இயக்ககத்தின் இணையப் பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் பிரிவும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளியின் கணினி ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஐடிஐ முடித்ததும் வேலை என்று யாராவது உறுதி கொடுத்தால் சற்று ஒதுங்கி நில்லுங்கள். அடுத்த படி அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையிலேயே தொழில் பழகுவது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி திருச்சி பெல், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி தருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; ஆனால் அங்கே கிடைக்கும் சான்றிதழுக்கு மற்ற இடங்களில் மதிப்பு உண்டு. மாமனார் "பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் போய்விடுமே" என்று கேட்பார். பத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்து, பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால், தமிழ்நாட்டில் அது பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம். தம்பியை அதையும் எழுதவையுங்கள், சோம்பல்பட விடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வரும் திங்கட்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு அரசு ஐடிஐக்குப் போங்கள். மாமனாரும் வரட்டும். ஐடிஐயின் முதல்வரிடம் அனுமதி கேட்டு ஃபிட்டர் பணிமனையில் அரை மணி நேரம் நில்லுங்கள். மாணவர்கள் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வேலை செய்கிறார்களா, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தம்பியுடன் பேசவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். உங்களிடம் சொல்லாததை அவனிடம் கேட்பான். அங்கே பார்த்ததை எழுதுங்கள். கண் மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்