விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்: எதை எதிர்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். போன வாரம் சென்னையிலிருந்து கொல்கத்தா போக விமானம் ஏறினேன். என் சீட் 23ஆவது வரிசை. பின்னால் இடம் கிடைக்காது என்று, உள்ளே நுழைந்ததும் 4ஆவது வரிசைக்கு மேலேயே சாம்பிள் பையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். "இந்தப் பை யாருடையது?" என்று பணிப்பெண் கேட்டிருக்கிறார். போனில் இருந்ததால் காதில் விழவில்லை. மூன்றாவது முறை அறிவித்தபோதுதான் எழுந்து போனேன். "உள்ளே என்ன?" என்றார். எரிச்சலில், "பாமா வெச்சிகினு வந்திருக்கேன், லுங்கிதாம்மா" என்றேன். கேப்டன் உத்தரவு என்று என்னை இறக்கிவிட்டார்கள். லக்கேஜில் போட்ட இரண்டு பண்டல்களும் இறங்கின. விமான நிலையக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மாலையில் அனுப்பினார்கள், வழக்கு போடவில்லை. டிக்கெட் பணம் 7,400 ரூபாய் போய்விட்டது. இப்போது 30 நாள் தங்கள் விமானத்தில் ஏறக்கூடாது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் நஷ்டஈடு கேட்க முடியாதா, ஐயா?

பதில்: உங்கள் பிரச்சினையில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. விமானத்துக்குள் கேப்டன் எடுத்த முடிவு ஒன்று. அதற்குப் பிறகு கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு மற்றொன்று. முதலாவதில் உங்கள் கை தாழ்ந்திருக்கிறது. சட்டப் பலம் முழுவதும் இரண்டாவதில்தான். பலரும் முதலாவதையே பிடித்துக்கொண்டு வாதாடி, இரண்டாவதையும் சேர்த்துக் கோட்டை விடுகிறார்கள்.

அந்தப் பையை ஏன் அவ்வளவு பெரிதாக்கினார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். பயணிகள் ஏறுவதற்கு முன்பே கேபின் ஊழியர்கள் சீட்டுக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் இருக்கும் பை, மேல் அறைகள், சீட் பாக்கெட், கழிவறை, சமையல் பகுதி எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்கிறார்கள். அதன் பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும். 4ஆவது வரிசைக்காரர்கள் "எங்களுடையது இல்லை" என்று சொன்ன நொடியிலேயே உங்கள் பை ஆளில்லாத பை ஆகிவிட்டது. அதை ஊழியர் திறந்து பார்க்கவோ நகர்த்தவோ கூடாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால் கேபின் தலைமை ஊழியர் வழியாகக் கேப்டனுக்கும், தரையில் இருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் வெடிகுண்டுப் பிரிவு வரும்.

நீங்கள் எழுந்து போனபோது அந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும். "பாம்" என்ற சொல் அதைத் திரும்பத் திறந்துவிட்டது. அதைப் பணிப்பெண் நம்பினாரா, எரிச்சலில் வந்த பேச்சு என்று புரிந்துகொண்டாரா என்பது கணக்கில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட ஊழியர் மேலே சொல்லியே ஆக வேண்டும். தானே தீர்மானித்து விட்டுவிட அவருக்கு உரிமை கிடையாது. இறக்கும் முடிவும் அவருடையது இல்லை, கேப்டனுடையது. பயணி இறங்கினால் அவர் லக்கேஜும் இறங்கியே தீர வேண்டும். ஆள் இல்லாமல் பெட்டி பறக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. பண்டல்கள் இறங்கியது அதனால்தான். அதைத் தனிக் குறையாக எழுதாதீர்கள்.

சட்டத்தில் இதற்கு என்ன அடிப்படை? 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 22ஆவது விதி, பாதுகாப்புக்காகக் கேப்டனோ அவர் சார்பில் ஊழியரோ தரும் சட்டப்படியான உத்தரவை மீறக் கூடாது என்கிறது. 1975ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கைச் சட்டம் கேப்டனுக்குத் தரும் சிறப்பு அதிகாரங்கள் வெளிக் கதவுகள் மூடிய பிறகே தொடங்கும். உங்கள் விஷயத்தில் கதவு திறந்திருந்ததே என்று யாராவது வாதம் எடுத்துக் கொடுப்பார்கள். அது உதவாது. கதவு திறந்திருக்கும்போதும் விமான விதிகளும் டிக்கெட் ஒப்பந்தமும் பொருந்தும். நேர்மையான சந்தேகத்தில், அந்த நிமிடத்தில் கேப்டன் எடுத்த பாதுகாப்பு முடிவைப் பிறகு உட்கார்ந்து நீதிமன்றம் எளிதில் புரட்டிப் போடாது.

அதேபோல, சீட்டுக்கு மேல் டிக்கெட் விற்று ஆளை ஏற்றாமல் விட்டால் கிடைக்கும் இழப்பீடு (24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அதிகபட்சம் 10,000 ரூபாய், அதைத் தாண்டினால் 20,000) உங்களுக்குப் பொருந்தாது.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். கட்டுப்பாடில்லாத பயணிகளைப் பற்றி மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 2017 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறைப்படி, கம்பெனி தன் இஷ்டத்துக்குத் தடை போட முடியாது. கேப்டன் எழுத்தில் புகார் தர வேண்டும். அந்தப் புகார் கம்பெனியின் உள்விசாரணைக் குழுவுக்குப் போக வேண்டும். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. இன்னொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பிலிருந்து ஒருவர் உறுப்பினர்கள். குழு 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த 30 நாளுக்கு மட்டும்தான் கம்பெனி இடைக்காலமாகத் தடுக்கலாம். 30 நாளில் முடிவு வரவில்லை என்றால் நீங்கள் பறக்கலாம்.

ஆகவே அந்த மின்னஞ்சலை எடுத்து, குழுவுக்கு அனுப்பியதாக ஒரு வரி இருக்கிறதா, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று பாருங்கள். அது இல்லை என்றால் அந்தத் தடைக்குக் காலே கிடையாது.

குற்றத்தின் அளவும் முக்கியம். வாய்ப்பேச்சும் சைகையும் முதல் நிலை. அதிகபட்சம் 3 மாதம். அடிப்பது, தள்ளுவது, தகாத முறையில் தொடுவது இரண்டாம் நிலை. 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செயல், விமானத்தின் கருவிகளைச் சேதப்படுத்துவது போன்றவை மூன்றாம் நிலை. குறைந்தது 2 ஆண்டு. உங்கள் பேச்சு முதல் நிலையைத் தாண்டாது என்று குழுவில் அழுத்தமாகச் சொல்லுங்கள். பையை உடனே திறந்து காட்டத் தயாராக இருந்தீர்கள், யாரையும் தொடவில்லை, இறங்கச் சொன்னதும் இறங்கினீர்கள்: இந்த மூன்றும் உண்மையானால் எழுத்தில் கொடுங்கள். தடை உத்தரவு வந்தால், 60 நாளுக்குள் விமானப் போக்குவரத்து அமைச்சகம் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதன் தலைவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. இந்த விதிமுறை திருத்தப்படக்கூடியது. பதில் எழுதும் நாளில் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் உள்ள பதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: அடிப்படைக் கட்டணத்தைக் கம்பெனி "வராதவர்" கணக்கில் எழுதிவிட்டாலும், பயன்படுத்தாத டிக்கெட்டில் அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். 7,400இல் அது எவ்வளவு என்று டிக்கெட்டிலேயே பிரித்துப் போட்டிருக்கும். தொகை சிறிதுதான். ஆனால் கேட்டும் தரவில்லை என்றால் அது தெளிவான சேவைக் குறைபாடு.

இந்த வாரமே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கேப்டனின் புகார் நகல், குழுவுக்கு அனுப்பிய தேதி, விசாரணையில் பேச வாய்ப்பு, வரிப் பணம் ஆகிய நான்கையும் கேளுங்கள். விமானப் பயணிகளின் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவிலும் பதிவு செய்யுங்கள். கேட் அருகே உள்ள கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி விமான நிலைய இயக்குநருக்கு உடனே கடிதம் போடுங்கள். அந்தப் பதிவுகள் நெடுநாள் இருக்காது. சென்னை விமான நிலையத்தை நடத்துவது விமான நிலைய ஆணையம் என்பதால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் அங்கே போடலாம். விமான நிலையத்தைக் காக்கும் மத்தியப் படையான சி.ஐ.எஸ்.எஃப்.க்குப் போடாதீர்கள், மனித உரிமை மீறல், ஊழல் தவிர மற்றவற்றில் அந்தப் படைக்கு விலக்கு உண்டு. காவல் நிலையத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்ததன் நகலையும், சி.எஸ்.ஆர். (புகார் ஏற்புச் சீட்டு) போட்டிருந்தால் அதன் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். போர்டிங் பாஸ் துண்டு, பண்டல்களின் டேக் ஸ்டிக்கர், வந்த எஸ்.எம்.எஸ். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பதில் இல்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வழக்கு டெல்லியில்தான்" என்று டிக்கெட் நிபந்தனை சொன்னாலும் கவலை வேண்டாம்; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தர வழி செய்திருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. குழுவுக்கு அனுப்பாமலே போட்ட தடை, 30 நாளுக்குப் பிறகும் டிக்கெட் தர மறுத்தது, வரிப் பணத்தைப் பிடித்துக்கொண்டது என்று உங்களிடம் எது நடந்ததோ அதைச் சுற்றி மட்டும் புகாரைக் கட்டுங்கள். கொல்கத்தாவில் போன வியாபார ஆர்டருக்கு லட்சக்கணக்கில் கேட்டால் ஆணையத்தின் கவனம் மறுபடியும் அந்த ஒரு சொல்லுக்கே திரும்பும்.

எங்கேயும் "பாம் என்று நான் சொல்லவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். சுற்றி இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், காவல் நிலையத்தில் உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே, "லுங்கிதாம்மா" என்ற கடைசிச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.