ஹெல்லருக்கு முன்னும் பின்னும்

ஐயா, வணக்கம். கணவரின் வேலைக்காகத் தென் கரோலினாவின் கிரீன்வில் நகருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சாயங்காலமானால் குழந்தைகளோடு மெயின் ஸ்ட்ரீட்டில் நடப்போம். ஒரு காலத்தில் இந்தத் தெரு வெறிச்சோடிக் கிடந்ததாம், மாக்ஸ் ஹெல்லர் என்ற மேயர்தான் மாற்றினாராம். அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஒரு ஊர் பிழைக்க ஒரு நல்ல தலைவர் போதுமா?

ஒரு வாசகி, கிரீன்வில்

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. ஆனால் ஹெல்லர் நான் மிகவும் மதிக்கும் மனிதர், அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி கிரீன்வில் வந்தபோது வயது 19. சட்டைத் தொழிற்சாலையில் தரை கூட்டினார், பிறகு சொந்தமாகச் சட்டைக் கம்பெனி நடத்தினார், 1971இல் மேயரானார். அப்போது ஜவுளி ஆலைகள் நலிந்துகொண்டிருந்தன, கடைகள் ஊருக்கு வெளியே மால்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. மெயின் ஸ்ட்ரீட் நான்கு வழிச் சாலை, வண்டிகள் ஊரைக் கடந்து போவதற்கான பாதை. அதை அவர் இரண்டு வழியாகக் குறுக்கினார். மிச்சமான இடத்தில் நடைபாதையை அகலப்படுத்தி மரம் நட்டார்கள். நீங்கள் இன்று நடப்பது அந்த நிழலில்தான். சாலையைக் குறுக்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்பது எந்தக் கடைத்தெருவிலும் முதலில் எழும் பயம். அதைத் தாண்டி ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது, அவர் எடுத்தார்.

சரி, அதன் பலன் எப்போது வந்தது? தெருவின் வடக்கு முனைக்கு ஆள் வரவழைத்த ஹயாட் ஹோட்டலுக்காகப் பேச்சு நடத்தியவர் அவர். அது திறந்தது 1982இல். அவர் பதவியை விட்டு இறங்கியது 1979இல்.

உங்கள் குழந்தைகள் வேடிக்கை பார்க்கும் ரீடி ஆற்று அருவியின் கதை இன்னும் பழையது. ஆலைக் கழிவால் நாறிக்கிடந்த ஆறு அது. 1960இல் அருவியின் தலைக்கு மேலேயே நான்கு வழிப் பாலம் ஒன்றைக் கட்டி அதை மறைத்துவிட்டார்கள். 1967இல், ஹெல்லர் மேயராவதற்கு முன்பே, கரோலினா ஃபுட்ஹில்ஸ் கார்டன் கிளப் பெண்கள் அந்தக் கரையைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விஷயத்தை 1995இல் மேயரான நாக்ஸ் ஒயிட் கையில் எடுத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாலத்தை எதற்கு இடிக்க வேண்டும் என்று கேட்டவர்களிடம் வருடக்கணக்கில் பேசினார். 2002இல் பாலம் போனது, 2004இல் பூங்காவும் லிபர்ட்டி நடைபாலமும் வந்தன. ஹெல்லர் ஜனநாயகக் கட்சி, ஒயிட் குடியரசுக் கட்சி. முந்தையவர் நட்ட மரத்தைப் பிந்தையவர் வெட்டவில்லை. எனக்கு ஹெல்லரின் துணிச்சலைவிட இதுதான் அபூர்வமாகத் தெரிகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தெரு செழித்தால் சுற்றிலும் நிலத்தின் விலை ஏறும். கிரீன்வில்லில் அந்தச் சுமை அதிகம் விழுந்தது கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதிகளில். 2022இல் திறந்த யூனிட்டி பார்க், நிறவெறிக் காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கிய மேபெரி பார்க் இருந்த இடத்தில்தான் அமைந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை குழந்தைகளை அங்கே அழைத்துப் போங்கள். அப்படியே பக்கத்துத் தெருக்களிலும் நடந்து, பழைய குடும்பங்கள் வாடகை கட்டி அங்கேயே இருக்க முடிகிறதா என்று விசாரித்து எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது.