வாசகர் கேள்வி: பாம்பன் கூண்டும் ஒரு வீட்டு வழக்கும்

கேள்வி: என் கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எது வந்தாலும் ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்பார். அந்த நம்பிக்கையிலேயே சென்ற ஆண்டு வட்டிக்குக் கடன் வாங்கிப் புது வலை எடுத்தார்; அசல் இன்னும் அப்படியே நிற்கிறது. நானோ அவர் கரை திரும்பச் சற்றுத் தாமதமானாலே கெட்டதைத்தான் நினைப்பேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் ‘தோற்றுவிடுவேன்’ என்று சொல்லிக்கொண்டேதான் படிக்கிறாள். ‘உங்கள் இருவர் வாயிலும் நல்ல வார்த்தையே வராதா?’ என்று மாமியார் கடிந்துகொள்கிறார். நாங்கள் மாறத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முழுவதும் மாற வேண்டியதில்லை, சகோதரி. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வங்கக் கடலில் எங்கோ தாழ்வு மண்டலம் உருவானதும் 1-ஆம் எண் கூண்டு ஏறுகிறது. பல தடவை அந்தப் புயல் ஆந்திரக் கரைக்கோ ஒடிசாவுக்கோ போய்விடுகிறது. அதற்காகக் கூண்டு ஏற்றிய ஊழியரை அபசகுனம் பிடித்தவர் என்று யாரும் ஏசுவதில்லை. ஆனால் நிலைமைக்கு ஏற்ப 1 முதல் 11 வரை எண்ணை மாற்றுகிறார்கள், ஆபத்து நீங்கியதும் கூண்டை இறக்கியும் விடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நீங்கள் அரைமணித் தாமதத்துக்கே 10-ஆம் எண்ணை ஏற்றிவிடுகிறீர்கள் என்றும், உங்கள் கணவர் கம்பமே வேண்டாம் என்கிறார் என்றும் எனக்குத் தோன்றியது.

சில மாதங்களுக்கு முன் பாம்பன் கரையில் ஒரு பெரியவர் படகெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ‘இன்றைக்கு நல்ல பாடுதான்’ என்று இளையவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டே கைப்பேசியைப் பாலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார், தண்ணீர்க் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார், பிறகு நங்கூரக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே வந்து, நைந்த இடம் தட்டுப்பட்டதும் அங்கேயே அறுத்து முடிச்சிட்டார். அவரைப் பார்த்தபோது நம்பிக்கையும் பயமும் ஒரே ஆளிடம் குடியிருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். உங்கள் கணவர் புறப்படும்போதே ‘எத்தனை மணிக்குள் வருவீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு நான் விசாரிக்கலாம்?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கடந்தால் முதலில் உடன் போன படகுகளைக் கேளுங்கள். அங்கும் தகவல் இல்லையென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்கிறது.

மகளைப் பற்றி உங்கள் மாமியார் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜூலி நோரெம், நான்சி கேன்டர் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றுவிடுவோம் என்று அஞ்சியே கவனமாகத் தயாராகிறவர்களிடம் ‘நீ நன்றாகத்தான் செய்வாய்’ என்று ஊக்கம் கொடுத்தபோது, அந்த ஊக்கம் கிடைக்காத அதே வகையினரைவிட அவர்கள் மோசமாகச் செய்ததைக் கண்டார்கள். அந்தப் பயம்தான் அவர்களைப் புத்தகத்தின் முன் உட்கார வைத்திருந்தது. ஆகவே அவள் அஞ்சுகிறாளா என்று பார்ப்பதைவிட, அஞ்சிய பிறகு என்ன செய்கிறாள் என்று பாருங்கள். ‘இந்தத் தொகையீட்டுக் கணக்கு எனக்கு வரவில்லை’ என்று சொல்லிவிட்டு அதையே மறுபடி போட்டால் விட்டுவிடலாம். ‘எனக்கு எப்போதும் எதுவுமே வராது’ என்று புத்தகத்தை மூடினால் அருகில் உட்காருங்கள். ஒரு தோல்வியை நிரந்தரமானதாகவும் வாழ்க்கை முழுவதையும் பிடித்ததாகவும் விளக்கிக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான் மனச்சோர்வுக்கு இழுத்துச் செல்கிறது என்பது உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் கருத்து.

இந்த வீட்டில் எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த வலைக் கடன். எல்லாம் சரியாக அமையும் நாளை மனத்தில் வைத்தே மனிதர்கள் கணக்குப் போடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதினார்கள். ‘தொழில் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் சண்டைதான் வரும். ‘கடந்த மூன்று வாடைக் காலத்திலும் எத்தனை நாள் கடலுக்குப் போக முடிந்தது?’ என்று கேளுங்கள். அந்த நாட்களின் வருமானத்தை வைத்து இருவருமாகத் தவணையை எழுதிப் பாருங்கள்.

அவருடைய நம்பிக்கையை அடியோடு விடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைத்தார்கள். அதே புயல் அழித்த தனுஷ்கோடியையோ வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. அந்த ஊருக்கு ரயில் பிறகு ஓடவே இல்லை. பாலத்தை மீட்டதும் ஊரைக் கைவிட்டதும் சேதத்தைப் பார்த்து எடுத்த முடிவுகள். வலை விஷயத்திலும் முதலில் சேதம் எவ்வளவு என்று தெரியட்டும்.

கேள்வி: தினமும் காலையில் கண்ணை மூடி, நினைத்தது நடந்துவிட்டதாகவே கற்பனை செய்தால் அது நடக்கும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: மனத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். எடை குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்த பெண்களிடம் உளவியலாளர் காப்ரியேலே எட்டிங்கன் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ‘என்னால் குறைக்க முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் அதிகமாகவும், மெலிந்துவிட்டதாகவே கனவு கண்டவர்கள் குறைவாகவும் எடை இழந்தார்கள். நினைத்தது எது என்று நீங்கள் எழுதவில்லை. கடை வைப்பதாக இருந்தால், அந்தக் காலை நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பணத்துக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.